ஜெபப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுங்கள்

நீங்கள் சபைக் குழுவில் இருப்பவர் என்றால், வரும் ஞாயிறு ஆராதனையில் வாசிக்கவிருக்கும் ஜெபக் குறிப்புகளை முதலில் வாங்கிப் பாருங்கள். சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்போர், வேலை தேடுவோர், பரீட்சை எழுதுவோர் எல்லாம் முடிந்தபின் ‘திருமணக் காரியம் கைகூட’ என்று நாலைந்து பெண்களின் பெயர்கள் இருக்கும். எழுதிக் கொடுத்தவர் தாயாகவோ பெரியம்மாவாகவோ இருப்பார். சம்பந்தப்பட்டவளிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஒலிவாங்கியில் அந்தப் பெயர் வாசிக்கப்படும்போது அவள் பாடகர் குழுவில், சபை முழுவதும் முகம் பார்க்கக்கூடிய இடத்தில், பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளே கேட்டுக்கொண்டால் ஒழிய அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். தாய் கோபித்துக்கொண்டால் குருவானவர் வீட்டுக்குப் போய் அங்கே ஜெபிக்கட்டும்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பித்து ஓய்வுபெற்றவள். திருமணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு, பஸ் வர எவ்வளவு நேரமிருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற நீளத்தில் ஒரு காரணம் சொல்வேன். இந்தக் காலத்துப் பெண்கள் ஏன் கல்யாணத்துக்கு இணங்குவதில்லை, திருச்சபை இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று இப்போது அடிக்கடி கூட்டம் போடுகிறார்கள். அப்படியொரு கூட்டத்துக்குப் போகுமுன் படிப்பதற்காக இதை எழுதுகிறேன்.

கூட்டத்தில் யாராவது எண்களைச் சொல்லிப் பயமுறுத்துவார். இலங்கையில் 2022இல் பதிவான திருமணங்கள் ஏறத்தாழ 171,000. அடுத்த ஆண்டு ஏறத்தாழ 151,000. குறைந்தது உண்மைதான். ஆனால் கொரோனாவில் தள்ளிப்போன கல்யாணங்களும் பிறகு வந்த பொருளாதார நெருக்கடியும் ஒரு பக்கம் இருக்க, பெண்களின் மனம் மட்டும் மாறிவிட்டதாக எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் 2021இல் நாற்பது வயதானவர்களில் நூற்றுக்கு 25 பேர் ஒருபோதும் திருமணம் செய்யாதவர்கள். 1980இல் அது 6 பேர்தான். அந்த 25 பேரில் பெண்களைவிட ஆண்களே அதிகம். ஆண்கள் ஏன் கட்டவில்லை என்று ஒரு சபையும் கூட்டம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

உங்கள் சபையின் நிலைமையை அறியப் புள்ளிவிவரம் வேண்டாம், ஞானஸ்நானப் பதிவேடு போதும். இருபத்தைந்து முதல் நாற்பது வருடங்களுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, இன்று எங்கே, என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். ஒரு பின்னேரம் போதும். பெண்கள் பலர் உயர்தரம் முடித்து ஆசிரியை, தாதி, வங்கி ஊழியர் என்று இருப்பார்கள். சிலர் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில், சிலர் வளைகுடாவில். பையன்கள் பலர் அதற்கு முந்திய சாதாரண தரத்தோடு கொழும்புக் கடைகளுக்குப் போனவர்கள். சபைக்குள்ளேயே பார்க்க வேண்டும், படிப்பும் பொருந்த வேண்டும் என்றால் எஞ்சுவது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதன்மேல் வாயால் சொல்லாமல் ‘நம்ம ஆட்களா’ என்று பார்க்கும் பார்வை இருக்கிறதே, அது அந்த விரல்களையும் மடக்கிவிடும். நற்கருணைக்கு ஒரே கிண்ணம், சம்பந்தத்துக்கு வேறு வேறு கிணறு.

இன்னொன்றையும் அந்தத் தாளில் குறியுங்கள்: யார் வீட்டில் யார் சம்பளத்தில் அடுப்பெரிகிறது? பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, போகும் தாயின் நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாயானது. மூத்தவள் அனுப்பும் பணம் நின்றால் இளையவன் படிப்பு நின்றுவிடும் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். வரன் வரும்போதெல்லாம் ‘ஒரு வருடம் போகட்டும்’ என்று சொல்வது பல வீடுகளில் பெண் அல்ல.

இவ்வளவும் செய்தபிறகு, வேறு மதத்தவரை மணக்கும் ‘அந்நிய நுகத்தை’ப் பற்றிப் பிரசங்கம் செய்வதானால் செய்யுங்கள். நம்மைச் சுற்றியிருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவளோடு படித்தவனும் அவளோடு கற்பிக்கிறவனும் அவர்களில் ஒருவனாகவே இருப்பான். கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெறாதவரை மணப்பதற்கு ஆயரிடம் விதிவிலக்கு பெற வழியுண்டு. உங்கள் திருச்சபையின் விதி என்ன என்பதைக் குருவானவரிடம் கேட்டு, எழுதி, அறிவித்தல் பலகையில் போடுங்கள். தன் சபை அனுமதிக்குமா இல்லையா என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ஒளித்துப் பழகி, கடைசியில் அவனையும் சபையையும் விட்டுப் போன பெண்களை எனக்குத் தெரியும்.

பையன்களுக்கு வகுப்பு வையுங்கள். திருமண ஆயத்தம் என்றால் நம் சபைகளில் ஓலை, அதாவது திருமண அறிவித்தல், வாசிக்கும் வாரத்தில் குருவானவர் இருவரையும் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசுவது. ஆயத்தம் பல காலம் முன்பே, படிப்படியாகத் தொடங்க வேண்டும் என்று வத்திக்கான் 2022இல் ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. நம்மிடம் திடப்படுத்தல் வகுப்பு இருக்கிறது. பதினைந்து வயதுப் பையன்கள் அதில் அகப்படுவார்கள், அதன்பிறகு பிடிக்க முடியாது. குடி, கைநீட்டுவது, சம்பளத்தை எங்கே கொடுப்பது, சோறு யார் ஆக்குவது ஆகிய நான்கையும் அங்கேயே பேசுங்கள். குடிப்பவன் வீட்டில் வளர்ந்த பெண்தான் கல்யாணம் வேண்டாம் என்கிறாள். அவள் தாயின் முன்னம்பல் எப்படிப் போனது என்று லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரியும், பிரசங்கத்துக்கு மட்டும் தெரியாது.

சோடி சேர்க்கும் முகாம் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தென் கொரியாவில் பௌத்த விகாரைகளே இளைஞர்களை அழைத்துத் தங்கவைத்துச் சந்திக்கச் செய்கின்றன. நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. வைத்தால் ஒரு சபையில் வைக்காதீர்கள். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று பல இடத்தவர்களும் வரட்டும். விண்ணப்பத்தில் சீதனம், சாதி என்ற கட்டங்கள் வேண்டாம். தாய்மார் வர வேண்டாம். கல்யாண முகாம் என்று பெயர் போடாமல் ஏதாவது வேலையைச் சேர்ந்து செய்ய வையுங்கள், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பிள்ளை மடுவத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதாக இருந்தாலும் சரி. பையன் தூரிகையைக் கழுவி வைக்கிறானா என்று பார்த்தாலே ஒருத்திக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

இனி, கல்யாணம் செய்யப்போவதில்லை என்று இருப்பவர்கள். சபைகள் கைவிடுவது இவர்களைத்தான், ஆகவே இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குங்கள்.

அவள் எங்கே படுக்கிறாள் என்று பாருங்கள். லயத்தில் ஒரு காம்பரா (அறை), ஒரு இஸ்தோப்பு (முன் திண்ணை). தம்பிக்குக் கல்யாணமானதும் காம்பரா அவர்களுக்கு. அக்கா இஸ்தோப்பில், தகரமும் பலகையும் வைத்து மறைத்த மூலையில், தையல் இயந்திரத்துக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில். வெளிநாட்டில் உழைத்து அந்த வீட்டுக்குச் சிமெந்துத் தரை போட்டவளும் அவள்தான். வீட்டுத் திட்டப் பட்டியல் தயாரிக்கும்போது தனியாள் என்று அவளை ஒதுக்கிவிடுகிறார்களா என்று சபைக் குழுவிலிருந்து ஒருவர் போய் விசாரிக்க வேண்டும். குருவானவரின் கடிதத்துக்கு இன்னும் மலையகத்தில் மதிப்பிருக்கிறது. அதை நற்சான்றிதழுக்கு மட்டும் செலவழிக்காதீர்கள்.

அடுத்தது அவள் பணம். திருமணத்துக்காக வேலையை விடும் பெண் தன் ஊழியர் சேமலாப நிதியை அப்போதே எடுக்கலாம். திருமணம் செய்யாதவளின் பணம் சாதாரணமாக ஐம்பது வயது வரை அங்கேயே கிடக்கும், பெருகும், பலர் கண்ணிலும் படும். தான் இறந்தால் அது யாருக்கு என்று வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தாயின் பெயரைக் கொடுத்திருப்பாள். தாய் போய்ச் சேர்ந்திருப்பார். அதை மாற்றச் சொல்லுங்கள். மரணசாசனம் (உயில்) எழுதவும் உதவுங்கள். நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில் என்றால் இரண்டு சாட்சிகள், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் ஒன்றாக இருந்து கையெழுத்திட வேண்டும். சொத்தைப் பெறப்போகிறவரைச் சாட்சியாக்காதீர்கள். ஐந்து பேரை ஒரே அறையில் சேர்ப்பது மற்றவர்களுக்குக் கடினம். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் நமக்கு அது ஒரு வேலையா?

வைத்தியசாலைக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். தனியாக இருப்பவள் விடுதியில் கிடந்தால் முதல் இரவு யார் கூட இருப்பது, சுடுதண்ணீர்ப் போத்தல் யார் கொண்டுபோவது, தாதி கூப்பிட்டால் யாருடைய தொலைபேசி எண். நோய் வந்தபிறகு எழுதினால் பட்டியலில் எல்லோரும் இருப்பார்கள், வார்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

சங்கங்களைப் பற்றி. மேரி சம்னர் 1876இல் இங்கிலாந்தில் தொடங்கிய தாய்மார் சங்கத்தில் இன்று திருமணம் செய்யாதவர்களும் சேரலாம். இது தெரியாமல், கல்யாணமாகாதவளை முப்பத்தெட்டு வயதிலும் வாலிபர் சங்கத்திலேயே வைத்திருக்கிறோம், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு பந்து பிடிக்க. அன்னையர் தினத்தில் பூக் கொடுப்பதானால் எல்லாப் பெண்களுக்கும் கொடுங்கள். தாய்மார் மட்டும் எழும்பி நிற்கவும் என்று அறிவிக்காதீர்கள். பிள்ளையில்லாத மனைவியும் அதே வாங்கில்தான் தலைகுனிந்து இருக்கிறாள்.

திருமணமில்லாத வாழ்வைப் பிரசங்கத்தில் மதித்துப் பேசுங்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் கன்டபரி, யோர்க் பேராயர்கள் அமைத்த குடும்பங்கள் பற்றிய ஆணைக்குழு 2023இல் இதையே திருச்சபைக்குச் சொன்னது. இயேசு திருமணம் செய்யவில்லை என்பதையும் நினைவூட்டியது. தமிழ்நாட்டின் வேலூரில் 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கிய மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் திருமணம் செய்யாதவர். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேலும் அப்படியே. ஆனால் ஓர் எச்சரிக்கை: இந்தப் பெயர்களைச் சொன்ன கையோடு ‘உங்களுக்குத்தான் குடும்பப் பொறுப்பு இல்லையே டீச்சர்’ என்று ஞாயிறு பள்ளி, நத்தார் சோடனை, பீடத் துணி சலவை, விருந்தாளிக் குருவானவருக்குச் சாப்பாடு எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டாதீர்கள். அவளுக்கும் படுக்கையில் ஒரு தகப்பன் இருப்பார், அல்லது சும்மா படுத்துக்கிடக்க ஆசையிருக்கும்.

வேலை கொடுத்தே ஆகவேண்டுமென்றால் காசோலையில் கையெழுத்திடும் வேலையைக் கொடுங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பதவிக்கு அவள் பெயரை யாராவது முன்மொழியட்டும், முந்திய கிழமையே அவளிடம் கேட்டுவிட்டு.