ஜாய்ஸ்டிக் ஃபேடர் ஆகாது: கேம் கன்ட்ரோலரில் மிக்ஸிங் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஜே மிக்ஸர் ஒன்றை எதிரில் வைத்துக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கிள்ளித் திருப்ப வேண்டிய குமிழ்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் சத்தத்தை ஏற்றி இறக்க மெல்ல நகர்த்த வேண்டிய ஃபேடர்கள். ஒரு கை ஓடும் பாட்டின் சத்தத்தை இறக்கும்போது இன்னொரு கை அடுத்த பாட்டை ஏற்ற வேண்டும். இரண்டு கையும் பத்து விரலும் சொன்னபடி கேட்கிற ஆளை மனதில் வைத்துச் செய்த சாமான் அது. பெருமூளை வாதமோ தசைச் சிதைவோ தண்டுவடக் காயமோ உள்ளவருக்குக் காது பிரமாதமாக இருக்கலாம், எந்த இடத்தில் எந்தப் பாட்டை நுழைக்கலாம் என்பதும் தெரிந்திருக்கலாம். அந்தக் குமிழ்தான் ஒத்துழைக்காது.

இங்கேதான் கேம் கன்ட்ரோலர் கைகொடுக்கிறது. சாதாரண வகை விலை மலிவு, யூ.எஸ்.பி.யில் செருகினால் கணினிக்குத் தெரிந்துவிடும். 2018 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் இன்னும் ஒரு படி மேலே போனது. உள்ளங்கையாலோ முழங்கையாலோ அழுத்தக்கூடிய இரண்டு பெரிய பொத்தான்கள், பின்பக்கம் வரிசையாக 19 துளைகள். 3.5 மி.மீ. பின் உள்ள கால்மிதி, கன்னத்தால் தொடும் சுவிட்ச் என்று எதையும் அதில் செருகலாம். வாயாலேயே இயக்க குவாட்ஸ்டிக் இருக்கிறது. ஊதினால் ஒரு கட்டளை, உறிஞ்சினால் இன்னொன்று. இந்தச் சைகைகளை ஒரு மாற்றி நிரல் மூலம் மிடியாக்கி (இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி அது), மிக்ஸ் என்ற இலவச டிஜே சாஃப்ட்வேருக்கு அனுப்பிவிட்டால் கன்ட்ரோலரே மிக்ஸர். (ஆங்கிலத்தில் அதன் பெயரை மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள். தேடும்போது மறந்துவிடாதீர்கள்.)

கேட்க எளிதாக இருக்கிறது. ஆசையோடு வாங்கி இரண்டே மாதத்தில் பரண் ஏறிய செட்டுகளும் உண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அமைத்துக் கொடுப்பவர் தன் கையை வைத்தே யோசிக்கிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதல் தவறு, கடையில் தொடங்குவது. அடாப்டிவ் கன்ட்ரோலரின் விலையைப் பார்த்துவிட்டு அவ்வளவுதான் செலவு என்று நினைத்துவிடுவோம். அதோடு வெளிச் சுவிட்ச் எதுவும் வராது, ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. 2023 டிசம்பரில் சோனி கொண்டுவந்த ஆக்சஸ் கன்ட்ரோலர் நல்ல பொருள்தான், ஆனால் அது பிளேஸ்டேஷன் 5-க்கென்று வந்தது. உங்கள் கணினியோடு ஒத்துப்போகுமா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். சுவிட்ச் என்பது உள்ளே இரண்டு கம்பி தொட்டுக்கொள்ளும் சமாச்சாரம், அவ்வளவுதான். வீடியோ கேம் மெஷினில் இருக்கும் ஆர்க்கேட் பொத்தான் ஒன்றில் மோனோ பின் உள்ள வயரைப் பற்றவைத்தால் அதுவே சுவிட்ச். சென்னையில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெரு போதும். இன்னொரு சின்னப் பொறி: அடாப்டிவ் கன்ட்ரோலரின் பக்கவாட்டில் ஹெட்செட்டுக்கான துளை ஒன்றும் இருக்கிறது. பார்க்க மற்றவை மாதிரியே இருக்கும். சுவிட்சை அதில் செருகிவிட்டு “வேலை செய்யவில்லையே” என்று தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன்.

வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியையும் தவறாகவே கேட்கிறோம். “எதை அசைக்க முடியும்?” என்று கேட்டால் மனிதர் ஆர்வத்தில் கட்டைவிரலை அசைத்துக் காட்டுவார், நாமும் எல்லாவற்றையும் அந்த விரலில் கட்டிவைப்போம். பதினைந்து நிமிடத்தில் விரல் ஓய்ந்துவிடும். “அரை மணி நேரம் வலியில்லாமல் எதை அசைக்க முடியும்?” என்று கேளுங்கள். பதில் தலையாகவோ முழங்காலாகவோ இருக்கலாம்.

அடுத்து வருவது நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. ஜாய்ஸ்டிக்கை நேராக ஃபேடரோடு கட்டிவிடுவது. மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும், நியாயமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஃபேடர் விட்ட இடத்தில் நிற்கும். ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் இருக்கிறது, விட்டால் நடுவுக்கு வந்துவிடும். அப்படிக் கட்டினால் ஒரு பாட்டு முழுச் சத்தத்தில் ஓட வேண்டுமென்றால் அந்தப் பாட்டு முடியும்வரை குச்சியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பலமான கைக்கே அது தண்டனை. குச்சி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைச் சத்தத்தின் அளவாக எடுக்காதீர்கள், சத்தம் மாறும் வேகமாக எடுங்கள். லேசாகத் தள்ளினால் ஃபேடர் மெதுவாக ஏறட்டும், முழுக்கத் தள்ளினால் வேகமாக ஏறட்டும், விட்டால் அங்கேயே நிற்கட்டும். அடியிலிருந்து உச்சிவரை போக, முழுத் தள்ளலில் இரண்டு விநாடி, லேசான தள்ளலில் பத்து விநாடி என்று தொடங்கலாம். அப்புறம் அவரே சொல்லட்டும்.

ஒரே ஒரு சுவிட்சுதான் இயக்க முடியும் என்றாலும் இதே கணக்கு உதவும். ஒரு அழுத்தலில், ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கிராஸ்ஃபேடர் தானாக நகரத் தொடங்கி எட்டு பாருக்குள் (ஒரு பார் என்பது ஒரு தாளச் சுற்று) மறுபக்கம் போகட்டும். நிமிடத்துக்கு 120 பீட் உள்ள நாலு பீட் தாளத்தில் எட்டு பார் என்றால் 16 விநாடி. நடுவில் மறுபடி அழுத்தினால் நிற்க வேண்டும், இன்னொரு முறை அழுத்தினால் திரும்ப வேண்டும். நிறுத்தவும் திருப்பவும் வழி வைக்காமல் விட்டால் அது மிக்ஸிங் இல்லை, டைமர்.

ஜாய்ஸ்டிக்கிலேயே இன்னொரு கண்ணி, செயலற்ற நடுப்பகுதி. குச்சி நடுவில் இருக்கும்போது தானாக ஆடாமல் இருக்க, நடுவைச் சுற்றிய சிறு அசைவுகளை நிரல் கண்டுகொள்ளாது. கன்ட்ரோலரைப் படிக்க மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் எக்ஸ்இன்புட் என்ற வழியில் இடது குச்சிக்குக் கொடுத்திருக்கும் எண் 7,849. ஒரு பக்கம் முழுத் தள்ளலுக்கு 32,767. அதாவது கிட்டத்தட்டக் கால்வாசி அசைவு குப்பையில். தசைச் சிதைவு உள்ள ஒருவரின் மொத்த அசைவுமே அந்தக் கால்வாசிக்குள் அடங்கிவிடக்கூடும். அவர் முழுப் பலத்தோடு தள்ளுவார், திரையில் ஒன்றும் நடக்காது, நாம் “இன்னும் கொஞ்சம் தள்ளுங்க” என்போம். கொடுமை. அவருக்கு நடுப்பகுதியைச் சுருக்கி, அவருடைய சின்ன அசைவையே முழுத் தள்ளலாக நீட்டிக் கொடுக்க வேண்டும். நடுக்கம் உள்ளவருக்கு நேர் எதிர், நடுப்பகுதி அகலமாக வேண்டும்.

நடுக்கத்துக்கு மருந்தென்று எல்லாவற்றுக்கும் வடிகட்டி போடுவதும் தவறு. வடிகட்டி என்றால் சில அளவுகளைச் சேர்த்துச் சராசரி பார்ப்பது, அதனால் தாமதம் கட்டாயம் வரும். ஃபேடரில் அது தெரியாது, பிளே பொத்தானில் நன்றாகத் தெரியும். பொத்தானில் முதல் அழுத்தலை உடனே ஏற்றுக்கொண்டு, அதற்குப் பிறகு கால் விநாடிக்குள் வரும் அழுத்தல்களை மட்டும் தள்ளிவிடுங்கள். ஓடும் பாட்டை நிறுத்துவது, அதன் மேலேயே வேறு பாட்டை ஏற்றுவது போன்ற ஆபத்தான வேலைகளுக்கு மட்டும் ஒரு விநாடி அழுத்திப் பிடித்தால்தான் நடக்கும் என்று வைக்கலாம்.

பிடித்துக்கொண்டே அழுத்துவது என்ற பழக்கத்தை மற்ற எல்லா இடத்திலிருந்தும் துரத்திவிடுங்கள். ஒரு பொத்தானைப் பிடித்தபடி இன்னொன்றை அழுத்தச் சொல்வது இரண்டு கை உள்ளவரின் சிந்தனை. அதற்குப் பதில், அதே பொத்தான்களுக்கு வேறு வேலை கொடுக்கும் அடுக்குகள் வையுங்கள்: ஒரு முறை தொட்டால் அடுத்த அடுக்கு, மறுபடி தொட்டால் பழைய அடுக்கு. எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று கன்ட்ரோலர் ஒரு அதிர்வு கொடுத்துச் சொன்னால் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள்.

இனி கணினிப் பக்கம். பொத்தான்களைக் கீபோர்டு எழுத்துகளாக மாற்றுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. ஜாய்டுகீ மாதிரி நிரல் போதும், பத்து நிமிட வேலை. பழகிப் பார்க்கச் சரி, மேடைக்கு ஆகாது. எழுத்து எப்போதும் திரையில் முன்னால் இருக்கும் ஜன்னலுக்குத்தான் போகும். நிகழ்ச்சி நடுவில் ஏதோ ஒரு அப்டேட் பெட்டி குதித்தால் உங்கள் பிளே பொத்தான் அந்தப் பெட்டிக்கு “சரி” சொல்லிவிடும். மிடியாக அனுப்பினால் எந்த ஜன்னல் முன்னால் இருந்தாலும் கவலையில்லை. மாற்றி நிரலையும் டிஜே சாஃப்ட்வேரையும் இணைக்கும் கற்பனை மிடி கம்பி மேக்கில் உள்ளேயே இருக்கிறது, விண்டோஸில் லூப்மிடி என்ற சிறு நிரலைப் போட்டுக்கொள்ளலாம். மிடியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கன்ட்ரோல் எண் ஒதுக்கும்போது 120 முதல் 127 வரை தொடாதீர்கள். ‘எல்லாச் சத்தமும் நிறுத்து’ போன்ற கட்டளைகளுக்கு அவை ஒதுக்கப்பட்டவை.

எக்ஸ்பாக்ஸ் வகை கன்ட்ரோலரில் ஆள்காட்டி விரலால் இழுக்கும் இரண்டு டிரிகரையும் இரண்டு பாட்டின் சத்தத்துக்குக் கொடுக்கும் யோசனை எல்லாருக்கும் வரும். மாற்றி நிரல் டைரக்ட்இன்புட் என்ற பழைய வழியில் படித்தால் இரண்டு டிரிகரும் ஒரே அச்சாக, அதாவது ஒரே எண்ணாகத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம். கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று மாற்றுவதற்கு முன் எக்ஸ்இன்புட் வழியில் படிக்கும் நிரலுக்கு மாறிப் பாருங்கள்.

பாட்டின் வேகத்தைச் சரிசெய்ய ஒற்றை மிடி எண்ணை நம்புவதும் சிக்கல். அதில் 0 முதல் 127 வரை 128 படிதான். வேகத்தை 8 சதவீதம் கூட்டவும் குறைக்கவும் வைத்திருந்தால், மொத்தம் 16 சதவீதத்தை 128-ஆல் வகுக்க ஒரு படிக்கு 0.125 சதவீதம். 120 பீட் பாட்டில் ஒரு படி தவறினால் ஒரே நிமிடத்தில் இரண்டு பாட்டும் 75 மில்லிவிநாடி விலகிவிடும். டிரம் இரட்டையாகக் கேட்கும். மிடியிலேயே இரண்டு எண்ணைச் சேர்த்து 16,384 படியாக அனுப்பும் வழி உண்டு. இல்லையென்றால் கூட்ட ஒரு பொத்தான், குறைக்க ஒரு பொத்தான். எனக்குப் பிடித்தது பொத்தான்தான்.

தாமதம் வந்தால் பழி முதலில் கன்ட்ரோலர் மேல் விழும். பல நேரம் குற்றவாளி புளூடூத் ஸ்பீக்கர். சத்தம் நூறு மில்லிவிநாடிக்கு மேல் தாமதமாக வந்தால் எந்தக் கையாலும் பீட்டில் அழுத்த முடியாது. ஹெட்ஃபோனும் கன்ட்ரோலரும் கம்பியிலேயே இருக்கட்டும்.

அப்புறம் பாதுகாப்பு. தசை திடீரென இழுத்துக்கொள்ளும் ஒருவரின் கையில் சத்தம் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு அமைக்கக்கூடாது. எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் சத்தம் ஏறும் வேகத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள், கடைசி வெளியீட்டில், சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் ஒன்று போடுங்கள். அவர் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால் இது கட்டாயம்.

பீட்டைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தானைப் பற்றிச் சண்டையே நடக்கும். ‘அது ஏமாற்று’ என்று மறுப்பவர்களை நான் பொருட்படுத்துவதில்லை. எத்தனையோ டிஜேக்கள் அதை அழுத்துகிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை. ஆனால் எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசம்: பாட்டுத் தேர்வு முதல் ஃபேடர்வரை எல்லாவற்றையும் தானியங்கியாக்கிவிட்டு, அவருக்கு ஒரு பொத்தானைக் கொடுத்து “நீங்கதான் டிஜே” என்பது. எதைச் சாஃப்ட்வேரிடம் விடலாம் என்பதை அவர் முடிவு செய்யட்டும். பக்கத்தில் உதவிக்கு நிற்பவரிடம் ஒரே ஒரு அவசர நிறுத்தம் இருந்தால் போதும். அவரிடம் இன்னொரு முழுக் கன்ட்ரோலர் இருந்தால் கை சும்மா இருக்காது.

பார்வையில்லாதவர்களின் கதை கொஞ்சம் வேறு. ஸ்டுடியோ மிக்ஸிங் என்றால் ரீப்பர் சாஃப்ட்வேரும், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோடு அதைப் பேசவைக்கும் ஒசாரா என்ற இலவச நீட்சியும் இருக்கின்றன. இங்கே பொதுவான தவறு, திரைவாசிப்பானின் குரலையும் பாட்டையும் ஒரே சவுண்டு கார்டில் விடுவது. பாட்டைக் கேட்கும்போது நடுவில் “டிராக் மூன்று, மியூட்” என்று ஒரு குரல் கூவும். குரலுக்கு மலிவான தனி யூ.எஸ்.பி. சவுண்டு கார்டும் ஒரு காதில் மட்டும் மாட்டும் இயர்போனும் போதும்.

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் ஒரு நாள் எதுவுமே வேலை செய்யாதது போலத் தோன்றும். நிரலைத் திறப்பதற்கு முன் ஸ்டாண்டைப் பாருங்கள். யாராவது பெருக்கும்போது இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தியிருப்பார்கள். நேற்று எட்டிய சுவிட்ச் இன்று எட்டாது. ஸ்டாண்டின் காலுக்கும் சக்கர நாற்காலியின் சக்கரத்துக்கும் தரையில் கலர் டேப் ஒட்டி வையுங்கள். வேறு இடத்தில் நிகழ்ச்சி என்றால், அந்த இடைவெளியை அளந்து ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துப் போங்கள்.