கால்குலேட்டரில் வான்வழித் தூரம்: சென்னை – சிங்கப்பூர்

போனில் உள்ள சயின்டிபிக் கால்குலேட்டர் போதும். இதற்கென்று தனி ஆப் தேவையில்லை.

முதலில் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். நகர மையம் வேண்டாம், ஓடுபாதையையே எடுங்கள்.

சென்னை: 12.99, 80.17
சாங்கி (சிங்கப்பூர் விமான நிலையம்): 1.36, 103.99

அட்லஸில் 12° 59′ என்று இருந்தால் 12.59 என்று எழுதாதீர்கள். 59-ஐ 60-ஆல் வகுத்து 12-உடன் கூட்டினால் 12.98 வரும். இந்தப் பிழை ஒன்றே சென்னையைச் சுமார் 44 கி.மீ. தெற்கே தள்ளிவிடும்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருக்கிறதா? சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரி. மைனஸ் 0.988 வந்தால் ரேடியன், மாற்றுங்கள். மாற்றாமல் போட்டால் சிங்கப்பூர் 123 கி.மீ. தூரத்தில் வந்து நிற்கும். எக்செல்லில் சைன், காஸ் இரண்டும் ரேடியனை மட்டுமே ஏற்கும் என்பதால், அங்கே ஒவ்வொரு கோணத்தையும் முதலில் ரேடியனாக்க வேண்டும்.

இனி கணக்கு:

1. அட்சரேகை வித்தியாசம் 11.63. அதில் பாதி 5.815. அதன் சைனின் வர்க்கம் 0.01027.
2. தீர்க்கரேகை வித்தியாசம் 23.82. பாதி 11.91. சைனின் வர்க்கம் 0.04259.
3. இரண்டாவது விடையை இரு அட்சரேகைகளின் காஸ்களாலும் பெருக்குங்கள்: 0.04259 × 0.97441 × 0.99972 = 0.04149. இதை விட்டுவிடாதீர்கள். நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. இருக்கும் ஒரு டிகிரி தீர்க்கரேகை, ஹெல்சிங்கி இருக்கும் 60 டிகிரியில் பாதியாகச் சுருங்கிவிடும்.
4. கூட்டினால் 0.05176. வர்க்கமூலம் 0.2275. அதன் சைன் இன்வெர்ஸ் 13.15. இரட்டித்தால் 26.30 டிகிரி.
5. ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ. என்ற கணக்கில் பெருக்குங்கள்: 2,924 கி.மீ. கடல் மைலில் வேண்டுமானால் 1.852-ஆல் வகுக்க, 1,579.

காஸ் இன்வெர்ஸ் போட்டு ஒரே வரியில் முடிக்கும் சூத்திரமும் உண்டு. ஆனால் ஊர்கள் மிகப் பக்கத்தில் இருந்தால் அதில் தசமப் பிழை பெருகும். இந்த முறையே நம்பகமானது.

தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் மைனஸ் போடுங்கள். சிட்னி மைனஸ் 33.95, ஆகவே சென்னையிலிருந்து வித்தியாசம் 46.94, 20.96 அல்ல. டோக்கியோ – சான் பிரான்சிஸ்கோ போலத் தீர்க்கரேகை வித்தியாசம் 180-ஐத் தாண்டினாலும் எதையும் மாற்ற வேண்டாம். சைனின் வர்க்கம் அதைச் சரியாகவே எடுத்துக்கொள்ளும்.

பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதால் விடையில் அரை சதவீதம் வரை பிசகலாம். விமானம் பறக்கும் தூரம் வேறு: புறப்படும் திசை, வான்பாதை, இடிமேகம், தடைசெய்த வான்வெளி எல்லாம் சேர்ந்து அதைக் கூட்டும். நேரத்துக்கு, மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி சேருங்கள். 4 மணிக்குச் சற்றுக் குறைவாக வரும். டிக்கெட்டில் இதைவிடக் கூடுதலாக இருக்கும், அதில் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லும் நேரமும் அடங்கும்.