வெயில் காலத்து சாலட்: நறுக்குவதற்கு முன்னும் பின்னும் நடக்கிற தவறுகள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் நம் வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் தள்ளுவண்டிகளில் வெள்ளரிப்பிஞ்சு கூறு கூறாகக் குவிந்துவிடும். வீட்டிலும் "சோறே இறங்கலை, பச்சையா ஏதாச்சும் பண்ணு" என்பார்கள். அடுப்பே வேண்டாத வேலை, இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றும். அடுப்பு இல்லாததுதான் சிக்கலே. கொதிக்கிற சாம்பாரில் கிருமி சாகும், சாலட்டுக்கு அந்தக் காப்பு கிடையாது. அதனால் கழுவுகிற தண்ணீர், நறுக்குகிற பலகை, கலந்த பிறகு ஓடுகிற நேரம் இந்த மூன்றும் ஒழுங்காக இருக்க வேண்டும். எந்தக் காய் போடலாம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

முதலில் தண்ணீர். நம் பக்கம் ஒரே வீட்டில் மூன்று வகைத் தண்ணீர் இருக்கும்: அடிபம்பு, குடத்தில் பிடித்து வைத்த லாரித் தண்ணீர், குடிக்க கேன். காயைக் கழுவ மட்டும் கை தானாகப் பம்பு பக்கம் போகும். மண் போக முதல் அலசலுக்கு அது சரி. ஆனால் பச்சையாகச் சாப்பிடப்போகிற காயின் கடைசி அலசல் குடிக்கிற தண்ணீரில்தான் நடக்க வேண்டும், கேனோ காய்ச்சி ஆறவைத்ததோ. பம்புத் தண்ணீர் கலங்கலாகவோ வாடையோடோ வந்தால் முதல் அலசலுக்கும் வேண்டாம்.

நறுக்கிவிட்டுக் கழுவுவது அடுத்த தவறு. வெட்டிய வாய் வழியாக அழுக்குத் தண்ணீர் உள்ளே போகும், வைட்டமின் சி வெளியே போகும். முழுக்காயாகவே கையால் தேய்த்துக் கழுவிவிட்டு அப்புறம் நறுக்குங்கள். தோல் சீவப்போகிற காயையும் கழுவத்தான் வேண்டும், இல்லையென்றால் தோலில் இருப்பதைக் கத்தி சதைக்குள் கொண்டுபோய்விடும். உப்பு மஞ்சள் கலந்த தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டுவைத்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. போட்டுவைப்பதில் தவறில்லை, அதை நம்பித் தேய்க்காமல் விடுவதுதான் தவறு. சோப்பு, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் எதுவும் காய் பக்கம் வரவே கூடாது.

முட்டைக்கோஸைப் பச்சையாகப் போடுவதில் எனக்கு அவ்வளவு இஷ்டமில்லை. அடுக்கடுக்கான இலைகளுக்குள் மண்ணும் புழு முட்டையும் தங்க இடம் இருக்கிறது. மேல் இலைகளை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவப் பொறுமை இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் சில நிமிஷம் ஆவியில் காட்டி, ஆறவைத்துச் சேருங்கள். முளைகட்டிய பயறுக்கும் இதே யோசனைதான். பயறு முளைக்கக் கேட்கிற ஈரமும் கதகதப்பும்தான் கிருமிக்கும் பிடிக்கும். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வீட்டில் வேகவைத்த பயறே நல்லது.

அப்புறம் நம் ஏரியாவுக்கே உரிய ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வருகிற வீடுகளில், மீன் ஆய்ந்த அதே அருவாமனையை ஒரு அலசு அலசிவிட்டு வெங்காயம், வெள்ளரி அரிவது சகஜம். மீனாவது குழம்பில் கொதிக்கும், வெள்ளரி கொதிக்காதே. பலகையும் கத்தியும் தனியாக வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் சாலட் காய், பிறகு மீன். ஃப்ரிட்ஜிலும் மீன் கீழ்த்தட்டில், மூடி போட்ட டப்பாவில் இருக்கட்டும். மேல்தட்டில் வைத்தால் கவிச்சித் தண்ணீர் கீழே இருக்கிற கொத்தமல்லி மேல்தான் சொட்டும்.

கைப்புக்கு வருவோம். வெள்ளரிக்காய் சில சமயம் கசக்கும். காம்புப் பக்கத்தை வெட்டி, அந்தத் துண்டாலேயே நுரை வரத் தேய்த்தால் கசப்பு போகும் என்று வழிவழியாகச் செய்கிறோம். குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் காம்பு ஓரத்திலும் தோலை ஒட்டியும் அதிகம் இருக்கும். அதனால் காம்புப் பக்கம் தாராளமாக வெட்டி, தோலைச் சீவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேய்ப்பதைவிட வெட்டி எறிந்ததுதான் வேலை செய்கிறது. நறுக்குவதற்கு முன் ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். நன்றாகக் கசந்தால், காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று பார்க்காமல் தூக்கிப்போடுங்கள். கசக்கிற சுரைக்காய்க்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும், அதன் சாற்றைக் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

இப்போது ருசியைக் கெடுக்கிற பெரிய தவறு, உப்பு. வெள்ளரியில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், தக்காளியிலும் கிட்டத்தட்ட அவ்வளவு. உப்பு பட்டவுடன் உள்ளே இருக்கிற நீர் வெளியே இழுபடும். கால் மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடும், மேலே துவண்ட காய் கிடக்கும், உப்பெல்லாம் குளத்தில் இருக்கும். "உப்பு பத்தலை" என்று இன்னும் போடுவோம், இன்னும் தண்ணீர் விடும். உப்பும் எலுமிச்சையும் தட்டு எடுத்து வைத்த பிறகு சேர வேண்டியவை. தக்காளியை விதைப்பகுதி எடுத்துவிட்டுப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கழுவிய ஈரத்தோடு நறுக்காமல் துணியால் துடைத்துக்கொண்டால் மீதிப் பாதியும் தீரும்.

கடுகு தாளிப்பதாக இருந்தால் எண்ணெயை ஆறவிட்டு ஊற்றுங்கள், சூட்டோடு ஊற்றினால் கொத்தமல்லி கறுத்துச் சுருண்டுவிடும். அதற்காக எண்ணெயே வேண்டாம் என்று விரதம் இருக்காதீர்கள். கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டின் உடம்பில் சேர கொஞ்சம் கொழுப்பு வேண்டும், ஒரு ஸ்பூன் எண்ணெயோ துருவின தேங்காயோ போதும். மையோனைஸ் பக்கம் போகாதீர்கள். பச்சை முட்டையில் செய்கிற மையோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசே ஓராண்டுத் தடை போட்டது, காரணம் பச்சை முட்டை வழியாக சால்மோனெல்லா போன்ற கிருமிகள் வயிற்றுக்குள் போகிற ஆபத்து. புளிப்புக்குக் கிளிமூக்கு மாங்காயைத் துருவிப் போட்டால் எலுமிச்சைகூட வேண்டாம்.

வெறும் வெள்ளரி, தக்காளி, வெங்காயத்தைச் சாப்பிட்டு மதியச் சாப்பாடு முடிந்தது என்று எழுந்தால் நாலு மணிக்குக் கால் தானாக பஜ்ஜிக் கடைக்குப் போகும். தண்ணீர் எவ்வளவு நேரம் பசி தாங்கும்? பாசிப்பருப்பு ஊறவைத்துச் சேர்த்தால் கோசுமல்லி, வேகவைத்த கொண்டைக்கடலை போட்டால் இன்னும் திடம், வேர்க்கடலையும் நல்லதே. பாசிப்பருப்புக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி ஊறல் போதும். ராத்திரியே வெளியில் ஊறப்போட்டால் மே மாதச் சூட்டில் காலையில் புளித்த வாடை வரும்.

கடைசியாக நேரம். 32 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால், நறுக்கிய காயை வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்புக் கணக்கு. மே மாதத்தில் நம் சமையலறைச் சூடு அதைத் தாண்டித்தான் இருக்கும். ஆனாலும் காலை ஏழு மணிக்கு உப்பு போட்டுக் கலந்து, டப்பாவில் அடைத்து, மணலிக்கோ எண்ணூருக்கோ வேலைக்குக் கொண்டுபோய் ஒரு மணிக்குத் திறக்கிறவர்கள் நிறைய. அவர்கள் முழு வெள்ளரி, முழு கேரட்டைக் கழுவித் துடைத்து எடுத்துப்போகலாம். கூடவே சின்னக் கத்தி, பாதி எலுமிச்சை, பொட்டலத்தில் உப்பும் மிளகுத்தூளும். அங்கேயே அரிந்து சாப்பிட ஐந்து நிமிஷம் ஆகாது.

வீட்டில் மிஞ்சினால், கலந்து ஒரு மணி நேரம் ஆகவில்லையென்றால், வடிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காயைச் சட்டியில் போட்டு, கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்து நன்றாக வதக்கி ராத்திரி சப்பாத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்பு மட்டும் பார்த்துப் போடுங்கள், ஏற்கெனவே இருக்கிறது.