சினை நிற்க வேண்டுமானால் மாட்டை மிரட்டாதீர்கள்

வடசென்னை கொருக்குப்பேட்டையில் இரண்டு மாடு வைத்திருக்கிறேன். செவலைக்கு மூன்று முறை சினை ஊசி (விந்தை உள்ளே செலுத்தும் செயற்கைக் கருவூட்டல்) போட்டும் நிற்கவில்லை. தீவனத்தை மாற்றினேன், தாது உப்பு கலந்தேன். ஊசி போட்ட அன்றைக்கு என்ன செய்தோம் என்று மட்டும் யோசிக்கவில்லை. கயிற்றைக் குட்டையாகக் கட்டி, நாலு பேர் அமுக்கி, வாலை முறுக்கினோம். ஒரு தடவை ஊசி முடிந்த கையோடு தெருவில் சாவு மேளமும் வெடியும் வேறு.

மிரண்ட மாட்டின் உடம்பில், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசோல் என்ற ஹார்மோனைக் கொட்டும். அது மூளையிலிருந்து, அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் உத்தரவை அமுக்கிவிடும். பிட்யூட்டரி விடும் எல்.எச். என்ற ஹார்மோன் ஒரே மூச்சில் பொங்கினால்தான் சினைமுட்டை வெளியே வரும். பொங்காவிட்டால் முட்டை தாமதமாகும், சிலசமயம் வரவே வராது. உள்ளே போன விந்தோ ஏறக்குறைய ஒரு நாள்தான் தாங்கும். ஆட்டுக்கும் எலிக்கும் ஏன், நமக்கும் இதே வழிதான்.

சரி, செய்ய வேண்டியது. மாடு சினைக்குத் தயாராகும் பருவம் சராசரியாக 21 நாளுக்கு ஒருமுறை வரும், 18இலிருந்தே கவனியுங்கள். கண்ணாடி போல ஒழுக்கு தெரியும், இன்னொரு மாடு மேலே ஏறினால் அசையாமல் நிற்கும். காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. கோடையில் இதெல்லாம் ராத்திரியில்தான் அதிகம் தெரியும், டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஊசியன்று தினமும் பால் கறப்பவரே பிடிக்கட்டும். பக்கத்தில் பழகிய மாடு நிற்கட்டும். அடி, அதட்டல் வேண்டாம். முடிந்ததும் வெயிலில் நடத்தாதீர்கள். கரு உருவாகும் முதல் சில நாளில் சூடு ஆகவே ஆகாது.

எங்கள் பக்கத்தில் பெரிய எதிரி தகரக் கூரை. மேலே தென்னங்கீற்று பரப்புங்கள். மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம், தண்ணீர் காயாமல் கொட்டகை இட்லிப் பானை ஆகிவிடும். நனைத்தால் ஃபேனும் ஓட வேண்டும். தின்றது வயிற்றில் செரிக்கும்போதும் உடம்பு சூடாகும் என்பதால் வைக்கோலை வெயில் தாழ்ந்தபின் போடுகிறேன்.

மூன்று ஊசிக்கும் நிற்காவிட்டால் பழியை மிரட்சி மேல் மட்டும் போடாதீர்கள். கருப்பையில் சீழ் இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

நாலாவது ஊசிக்கு அப்புறம் 21ஆம் நாள் ராத்திரி டார்ச்சோடு போனேன். செவலை படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.