ஃபுளோரைடு வார்னிஷை ஆய்வகத்தில் சோதிக்கும் முறை

பற்சொத்தையைத் தடுக்கப் பூசப்படும் வார்னிஷ்களில் பெரும்பாலானவற்றின் உறையில் 5% சோடியம் ஃபுளோரைடு என்று அச்சிட்டிருப்பார்கள். ஃபுளோரைடாகக் கணக்கிட்டால் அது 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). ஆனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, வார்னிஷின் அடிப்பொருளான பிசினை விட்டு வெளியேறி, பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் எவ்வளவு சேர்கிறது என்பது வேறு. பெரும்பாலும் சிறு குழந்தைகளின் பற்களில் பூசப்படும் மருந்து என்பதால், இரண்டையும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

முதல் கவனம் மாதிரி எடுப்பதில் இருக்கட்டும். என் கணிப்பில், கருவிப் பிழையைவிட இங்கு நேரும் பிழையே முடிவை அதிகம் கெடுக்கிறது. சோடியம் ஃபுளோரைடு பிசினில் கரையாமல் நுண்துகளாக மிதப்பதால், நெடுநாள் அசையாமல் இருந்த குழாயில் அது அடியில் படிந்துவிடும். பிதுக்கும்போது முதல் துளி தெளிந்த தேன் நிறத்திலும், கடைசித் துளி வெண்மை கலந்து கலங்கலாகவும் வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆகவே முழுவதையும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் இறக்கி, நன்றாகக் கலக்கிய பிறகே எடுங்கள். வார்னிஷில் கரைப்பானாக உள்ள ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் தராசின் கடைசி இலக்கம் நிற்காமல் இறங்கும். எனவே பூசிய உடனே, எல்லா மாதிரிகளுக்கும் ஒரே கால இடைவெளியில் எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிசினிலிருந்து ஃபுளோரைடு வெளியேறுவதை அளக்கும் வெளியீட்டுச் சோதனைக்கு 10 மி.கி. வார்னிஷைப் பிளாஸ்டிக் தகட்டில் பூசி, 10 மி.லி. செயற்கை உமிழ்நீரில் 37 டிகிரி செல்சியஸில் வையுங்கள். இதில் உள்ள ஃபுளோரைடு 0.226 மி.கி.; முழுவதும் வெளியேறினாலும் கரைசலில் 22.6 பிபிஎம்முக்கு மேல் வராது. அதற்கு மேல் காட்டினால் எடையிலோ, செறிவு தெரிந்த கரைசல்களைக் கொண்டு வரைந்த அளவீட்டுக் கோட்டிலோ தவறு இருக்கிறது என்று பொருள். 1, 4, 8, 24, 48 மணி நேரங்களில் உமிழ்நீரை முழுவதுமாக மாற்றி, எடுத்ததைச் சம அளவு டிசாப் (TISAB) என்னும் தாங்கல் கரைசலுடன் கலந்து, ஃபுளோரைடு அயனியின் செறிவை மின்னழுத்தமாகக் காட்டும் ஃபுளோரைடு மின்வாயால் அளவிடுங்கள். டிசாப் அமிலத்தன்மையையும் மொத்த அயனி வலிமையையும் நிலைப்படுத்துவதால்தான் அளவீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. ஃபுளோரைடின் செறிவு பத்து மடங்கு கூடும்போது மின்னழுத்தம் 25 டிகிரியில் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாற வேண்டும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் மின்வாயைச் சரிபார்க்காமல் தொடரக் கூடாது. ஃபுளோரைடு கண்ணாடியுடன் வினைபுரியக்கூடும் என்பதால் கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம்.

அடுத்தது அமிலச் சுழற்சி, அதாவது வார்னிஷ் எனாமலை அமிலத்திலிருந்து எவ்வளவு காக்கிறது என்று பார்க்கும் சோதனை. மாட்டுப் பல்லிலிருந்தோ மனிதப் பல்லிலிருந்தோ வெட்டிய எனாமல் துண்டுகளை மெருகேற்றி, நூப் கடினத்தன்மையை (வைர முனையை அழுத்தி, பதியும் தடத்தின் நீளத்தைக் கொண்டு கணக்கிடுவது) அளந்து, சராசரி ஒத்திருக்கும்படி குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு ஃபுளோரைடு இல்லாத அதே பிசினை மட்டும் பூச வேண்டும். ஏனெனில் பிசின் படலமே அமிலத்தைத் தடுக்கும் ஆற்றல் கொண்டது. இந்தக் குழுவைத் தவிர்த்துவிட்டுப் பூசாத எனாமலுடன் மட்டும் ஒப்பிடும் சோதனையை நான் ஏற்பதில்லை. 24 மணி நேரம் கழித்துப் படலத்தை அசிட்டோன் நனைத்த பஞ்சால் நீக்குங்கள். கத்தியால் சுரண்டினால் மேற்பரப்பில் படிந்த கால்சியம் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். பிறகு நாள்தோறும் பிஎச் (அமில, கார அளவு) 4.4 உள்ள அமிலக் கரைசலில் 6 மணி நேரம், கால்சியமும் பாஸ்பேட்டும் கொண்ட பிஎச் 7 கரைசலில் 18 மணி நேரம் என்று ஒரு வாரம் மாற்றி மாற்றி வைத்து, கடினத்தன்மையை மீண்டும் அளவிடுங்கள். எந்தத் துண்டு எந்தக் குழு என்பது அளப்பவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

எனாமலில் சேர்ந்த ஃபுளோரைடைக் காண, படலம் நீக்கிய வேறு சில துண்டுகளைச் சுழற்சிக்கு அனுப்பாமல் 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 24 மணி நேரம் ஊறவிட்டால், மேலே தளர்வாகப் படிந்த பகுதி மட்டும் கரைந்து வரும். அக்கரைசலை நடுநிலையாக்கி, அதே மின்வாயால் அளந்து, துண்டின் பரப்பளவால் வகுத்து எழுதுங்கள்.