ஆய்வு சொன்னது யாருக்கு? மருந்துச் சீட்டு எழுதும்போது நேரும் தவறுகள்

மேலூர்ப் பக்கம் கதிரடிக்கும் நாட்களில் கண்ணில் நெல் உமி பட்டவர்கள் அன்றைக்கே டாக்டரிடம் வருவதில்லை. முதலில் தாய்ப்பால் விட்டுப் பார்ப்பார்கள். அடுத்து மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்குவார்கள். அதில் ஆன்டிபயாட்டிக்குடன் ஸ்டீராய்டும் கலந்திருந்தால் சிவப்பு குறையும், வலியும் தணியும். அதே நேரத்தில் கருவிழியில் பூஞ்சை நிம்மதியாக வளரும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆய்வுக் கட்டுரை படிக்கும் டாக்டர்களும் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள். அதுவும் மதுரையிலேயே நடந்த ஆய்வை வைத்துக்கொண்டு.

கருவிழிப் புண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து உதவுமா என்று 500 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2012இல் முடிவு வெளியானது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் அரவிந்த் கண் மருத்துவமனை நோயாளிகள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மொத்தத்தில் பார்வையில் வித்தியாசம் இல்லை. கருவிழி ஓட்டை விழுவதும் அதிகரிக்கவில்லை. இதை மேலோட்டமாகப் படித்தவர், "ஸ்டீராய்டால் கெடுதல் இல்லையாம்" என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த 500 பேருக்கும் புண்ணைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கூடத்தில் வளர்த்து, பாக்டீரியாதான் காரணம் என்று உறுதி செய்திருந்தார்கள். பூஞ்சை இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. எல்லோருக்கும் முதல் 48 மணி நேரம் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் மட்டும் விட்ட பிறகே ஸ்டீராய்டு தொடங்கியது. பாக்டீரியாவிலும் நோகார்டியா என்ற வகை இருந்தவர்களுக்கு ஸ்டீராய்டால் நிலைமை மோசமானது. மதுரை வட்டாரத்தில் கருவிழிப் புண்களில் ஏறத்தாழப் பாதி பூஞ்சையால் வருபவை. சுரண்டிப் பார்க்க வசதியில்லாத கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு அந்த ஆய்வை மேற்கோள் காட்டுவது, வேறொருவர் பெயரிலுள்ள ரேஷன் அட்டையைக் காட்டிப் பொருள் கேட்பதைப் போன்றது.

ஆகவே கட்டுரையின் முடிவுரையைப் படிக்கும் முன், யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள் என்ற பகுதியைப் படியுங்கள். எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தாண்டிப்போகும் பகுதி அதுதான்.

கொரோனாக் காலத்தில் இந்தத் தவறு ஊர் ஊராக நடந்தது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது என்று 2020 ஜூனில் அறிவித்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 41.4 சதவீதம் பேர் இறந்தார்கள். டெக்ஸாமெத்தசோனும் பெற்றவர்களில் 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் வைத்திருந்தவர்களில் இது 26.2, 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் கணக்கு திரும்பியது: மருந்து பெறாதவர்களில் 14, பெற்றவர்களில் 17.8. இந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பலன் இருப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய சீட்டுகளில் இந்த மூன்றாம் வரி மட்டும் காணாமல் போயிருந்தது. லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்கள் ஸ்டீராய்டு விழுங்கினார்கள், சர்க்கரை ஏறியது. கருப்புப் பூஞ்சை அதிகம் தாக்கியது சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்புகளைத்தான். 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு அதை, மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோயாக அறிவிக்க நேர்ந்தது.

ரிப்போர்ட் தேறினால் ஆள் தேறிவிட்டார் என்று நினைப்பது அடுத்த தவறு. மாரடைப்புக்குப் பின் இதயம் இடையிடையே தாறுமாறாகத் துடித்தால் திடீர் மரண ஆபத்து கூடும். துடிப்பை ஒழுங்குபடுத்தினால் உயிர் தப்பும் என்று நம்பி 1980களில் என்கைனைடு, ஃபிளெகைனைடு மாத்திரைகளைக் கொடுத்தார்கள். ஈசிஜி அழகாகவே மாறியது. முறையாக ஆய்வு செய்து 1991இல் வெளியிட்ட கணக்கில், மாத்திரை சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். மருந்தில்லாப் போலி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர்.

பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். உசிலம்பட்டிக் கிராமத்தில் தனியாக இருக்கும் எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கு கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை எழுதி, சர்க்கரை 110க்கு வந்ததும் திருப்திப்படுகிறோம். அவர் மதியம் சாப்பிட்டாரா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. இந்த மாத்திரை உடம்பில் நெடுநேரம் நின்று சர்க்கரையைக் கீழே இழுக்கும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவை என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்துவரும் பீர்ஸ் பட்டியலில் இது நெடுங்காலமாக இருக்கிறது. சீட்டில் எழுதுவதற்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு, மயங்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட பிறகு ஆகும் செலவை நினைத்தால் ஒன்றுமில்லை.

புதிய மருந்து மேலானது என்ற நம்பிக்கையும் இந்த வகைதான். வோரிகோனசோல் என்ற புதிய பூஞ்சை மருந்து கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும், பரிசோதனைக்கூடத்திலும் பூஞ்சையைக் கொல்லும். அரவிந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பழைய நாட்டமைசினே ஜெயித்தது. கிராமத்துக் கண்களில் அதிகம் காணப்படும் ஃபியூசேரியம் பூஞ்சையில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"ஆபத்து 50 சதவீதம் குறைகிறது" என்று மருந்து நிறுவனப் பிரதிநிதி வண்ணத்தாளை நீட்டினால், எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். நூறில் இருவருக்கு வருவது ஒருவருக்கு வந்தாலும் 50 சதவீதம்தான். அப்போது 99 பேர் பலனில்லாமல் மாத்திரையையும் பக்கவிளைவையும் சுமக்கிறார்கள்.

நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த ஆய்வு மட்டுமே ஆதாரம், மற்றது குப்பை என்று பேசுகிற இளம் டாக்டர்களை இப்போது பார்க்கிறேன். பலனை அளக்க அந்த முறையே சிறந்தது. பாதிப்பைக் கண்டுபிடிக்க அது பல நேரம் போதாது. பிரிட்டனில் ரத்த அழுத்த மருந்து எடுத்த 4,87,372 பேரின் பதிவேடுகளை அலசி 2013இல் ஓர் ஆய்வு வந்தது. ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற ரத்த அழுத்த மருந்துகளுள் ஒன்று, சிறுநீர் பெருக்கி, வலி மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்தபோது திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு 31 சதவீதம் கூடுதல். முதல் 30 நாட்களில் மட்டும் 82 சதவீதம் கூடுதல்.

நம் ஊரில் இதைக் கவனிக்காமல் விடுவது எளிது. டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற சிறுநீர் பெருக்கியும் ஒரே மாத்திரையாக வருகின்றன. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் "ஒரே ஒரு பிரஷர் மாத்திரைதான் ஐயா" என்பார் நோயாளி. மூட்டு வலிக்கு வேறொரு டாக்டர் அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை எழுதியிருப்பார். கத்திரி வெயிலில் வேர்த்துக் கொட்ட, தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க வேலை. பிரிட்டன் ஆய்வில் மதுரை வெயில் கணக்கில் இல்லை. உடம்பில் நீர் வற்றினால் இந்தச் சேர்க்கையின் ஆபத்து கூடத்தான் செய்யும். வாயால் கேட்காதீர்கள். மஞ்சள் பையில் இருக்கிற அட்டைகள் அனைத்தையும் மேசையில் கொட்டச் சொல்லுங்கள்.

"ஆய்வில் ஒருவருக்கும் பாதிப்பு வரவில்லை" என்ற வரியிலும் ஏமாறக் கூடாது. 300 பேர் சாப்பிட்டு ஒருவருக்கும் கல்லீரல் கெடவில்லை என்றால், நூறில் ஒருவருக்குக் கெடலாம் என்பதை அந்த ஆய்வால் மறுக்க முடியாது. மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இந்த எல்லை கிடைக்கும். 1999இல் விற்பனைக்கு வந்த ரோஃபெகாக்ஸிப் வலி மாத்திரையை, மாரடைப்பு ஆபத்து உறுதியாகி 2004இல் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் நிமிசுலைடை 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று தடை வந்தது 2011இல். அதற்கு முன் எத்தனையோ வீடுகளில் அதுதான் காய்ச்சல் மருந்து.

அரிய பாதிப்புகள் மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகே தெரியவருவதால், பார்த்ததைத் தெரிவிப்பதும் சீட்டு எழுதுபவரின் வேலைதான். 2010இல் தொடங்கிய இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்குக் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் தலைமை மையம். 1800-180-3024 என்ற இலவச எண்ணில் டாக்டர், செவிலியர், மருந்தாளுநர் மட்டுமல்ல, நோயாளியே பேசலாம். இந்த மருந்தால்தான் வந்தது என்று நிரூபித்த பிறகே தெரிவிக்க வேண்டும் என்பதில்லை; சந்தேகம் போதும். நோயாளியின் பெயர்ச் சுருக்கம், வயது, என்ன நேர்ந்தது, எந்தத் தேதியில், எந்த மருந்து, தெரிவிப்பவர் யார் என்பவை முக்கியம். பேட்ச் எண்ணும் இருந்தால் நல்லது. அதற்காகவே, தடிப்போ வாந்தியோ என்று யார் வந்தாலும், மாத்திரையை நிறுத்தச் சொல்லும்போது அட்டையை எறியாமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.