ஓய்வுக்குப் பின் கேட்பதை நிறுத்துவது: தோட்டத்து முதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் உழைத்தவர்களுக்கு, விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆளெடுக்கும் பெரட்டு கடிகாரத்தைவிட உறுதியானது. எந்த மர நிரைக்குப் போவது, எத்தனை மரங்களின் பட்டையைச் சீவிப் பால் வெட்டுவது, எப்போது பாலை எடைபோட்டுக் கொடுப்பது என்பதையெல்லாம் கங்காணியும் கணக்கெழுதும் கிராணியாரும் தீர்மானித்தார்கள். முப்பது நாற்பது ஆண்டுகள் அப்படி வாழ்ந்த ஒருவர், தோட்டத்து லய வீட்டை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அதே இருட்டில் விழித்துக்கொண்டு, பெயரைக் கூப்பிட யாருமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை இந்தப் பட்டணத்தில் பல வீடுகளில் காணலாம். ஊழியர் சேமநிதிப் பணத்தை என்ன செய்வதென்று குடும்பமே கூடிப் பேசியிருக்கும். காலைப் பொழுதை என்ன செய்வதென்று யாரும் பேசியிருக்கமாட்டார்கள். முதல் தவறு அங்கேதான் நிகழ்கிறது. மலேசியாவில் 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. உடல்நலமுள்ள ஒருவருக்கு அதற்குப் பிறகும் நீண்ட காலம் இருக்கிறது. அத்தனை காலத்தையும் வெறும் இளைப்பாறலாக எண்ணுவது, பெரட்டுக்கு ஆள் வருவதற்காகக் காத்திருப்பதைப் போன்றதே.

தமிழில் ‘கேட்பது’ என்ற ஒரே சொல் காதால் கேட்பதையும் வாயால் வினவுவதையும் குறிக்கிறது. முதுமையில் இவ்விரண்டும் சேர்ந்தே குறைகின்றன என்பதையும், அதனால் விளையும் கேட்டையும் நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. வயதாகும்போது செவி முதலில் இழப்பது உயர்ந்த, மெல்லிய ஒலிகளை. ஆகவே பேரப்பிள்ளைகளின் குரல்தான் முதலில் தெளிவிழக்கிறது. இரண்டு முறை ‘என்ன?’ என்று கேட்டு, மூன்றாம் முறை கேட்கக் கூச்சப்பட்டு, சிரித்துத் தலையாட்டிவிட்டு ஒதுங்கும் முதியவரை வீட்டார் ‘மறதி வந்துவிட்டது’ என்று முடிவுகட்டுகின்றனர். என் குடும்பத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றி நானும் அப்படித்தான் நினைத்தேன். செவிக்கருவி பொருத்திய சில வாரங்களிலேயே அவர் செய்தித்தாள் விவகாரங்களில் என்னோடு வாதாடத் தொடங்கியது, நான் எவ்வளவு அவசரப்பட்டிருந்தேன் என்பதைக் காட்டியது. மூளைத் தேய்வு எனப்படும் மறதி நோய் குறித்து 2024-இல் வெளிவந்த, லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, மாற்றியமைக்கத்தக்க 14 காரணிகளைப் பட்டியலிட்டபோது, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, தனித்திருத்தல், இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் அவற்றுள் சேர்த்தது. எனவே ‘வயதானால் அப்படித்தான்’ என்று சொல்லிக் காதையும் கண்ணையும் பரிசோதிக்காமல் விடுவதை நான் சிறு கவனக்குறைவாகக் கருதவில்லை. மற்ற எல்லாத் தவறுகளுக்கும் அதுவே வாசல்.

நடைக்கு ஊழியர் சேமநிதி கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘நான் மலையேறி இறங்கிப் பால் சுமந்த நடைக்கு இனி எதற்கு உடற்பயிற்சி?’ என்பார்கள். அன்று நடந்தது இன்றைய கணக்கில் சேராது. 65 வயதைக் கடந்தவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றும், விழாமல் இருக்க உடற்சமநிலைப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள்களேனும் செய்ய வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ‘விழுந்துவிடுவேன்’ என்ற அச்சத்தில் உட்கார்ந்தே இருப்பவரின் கால்கள் மேலும் வலுவிழப்பதால், அந்த அச்சமே விழுவதற்கும் வழிசெய்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் ஆழமான தவறு, ‘நான் படிக்காதவன், எனக்கெதற்கு இதெல்லாம்?’ என்பது. இதை அடக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டையை எவ்வளவு சீவினால் பால் வடியும், எவ்வளவு ஆழம் போனால் மரம் காயப்படும் என்பதை விரல் நுனியில் அறிந்திருந்தவர் அதை ஏட்டில் படிக்கவில்லை. பார்த்தும், கேட்டும், கை தவறியும் கற்றுக்கொண்டார். அதே வழி இன்றும் திறந்தே இருக்கிறது. 1956-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று, மனத்திறன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சரிவதில்லை என்றும், வேகம் முன்னதாகக் குறையத் தொடங்கினாலும் சொல்வளம் நெடுங்காலம் நிலைக்கிறது என்றும் காட்டியது. மெதுவாகக் கற்பதைக் கற்க முடியாமையாக எண்ணிக்கொண்டு இரண்டாம் நாளே கைவிடுவது அதனால்தான் தவறு. ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் முட்டிமோதுவதைவிட, நாளுக்கு இருபது நிமிடம் எனப் பிரித்து, முந்தைய நாள் கற்றதை ஏட்டைப் பாராமல் நினைவுகூர்ந்த பிறகே அடுத்ததைத் தொடுவது நன்றாகப் பதியும்.

கைப்பேசி விஷயத்தில் இத்தவறு வேறு உருவம் எடுக்கிறது. பேரனிடம் நீட்டினால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் முடித்தது அவன் விரல், கற்றதும் அவனே. 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றபோது, காலையில் அந்தத் தாளை விரித்துப் பழகிய சிலருக்கு வாசிப்பே நின்றுபோயிற்று. எழுத்தைப் பெரிதாக்கத் தெரிந்திருந்தால் கைப்பேசியிலேயே தொடர்ந்து வாசித்திருக்கலாம். வாரத்துக்கு ஒரு செயல் என வைத்துக்கொண்டு, படிகளைத் தம் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதி, பேரன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கத் தாமே செய்து பழகுவது நல்லது. ஏமாற்றுக்காரர்களுக்குப் பயந்து கருவியையே ஒதுக்குவதைக் காட்டிலும், அவசரப்படுத்தும் எந்த அழைப்பையும் துண்டித்துவிட்டு வீட்டாரிடம் கேட்பதையும், பணம் பறிபோனால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழைப்பதையும் பழக்கமாக்கிக்கொள்வதே பாதுகாப்பு.

பேச்சுத் துணையைத் தமிழர் வட்டத்துக்குள்ளேயே சுருக்கிக்கொள்வதும் ஒரு தவறுதான். சமூக நல இலாகாவின் ஆதரவில் 60 வயதானவர்களுக்கென இயங்கும் ‘பாவே’ எனப்படும் முதியோர் நடவடிக்கை மையங்களைச் சொன்னால், ‘அங்கே மலாய் பேச வேண்டுமே’ என்று பின்வாங்குகின்றனர். சந்தையில் பேசிப் பழகிய மலாய், அங்கே போய்வரத் தாராளமாகப் போதும்.

இவ்வூர் முதியவர்களிடம் 1948 ஜூன் 16-ஐப் பற்றிக் கேட்டால், அருகிலிருந்த தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டதையும், அதன் பின் பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலம் அறிவித்ததையும் சொல்வார்கள். அப்போது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் பெற்றோரிடம் கேட்டதைக் கண்ணால் கண்டதாகவே சொல்வதும் உண்டு. பழங்கதை பேசுவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். அதை முடிந்துபோன கதையாக, ஒரு சொல்கூட மாறாமல் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் ஆர்வத்தைக் கொல்கிறது. தாம் கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினால், அதே நினைவு மறுபடியும் கேள்வியாகிவிடும்.

பிள்ளைகளும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். ‘நீங்கள் சும்மா இருங்கள் அப்பா’ என்று அன்போடு சொல்லியே கரண்டியையும் மண்வெட்டியையும் மளிகைக் கணக்கையும் பிடுங்கிக்கொள்ளும் வீட்டில், முதியவர் எதைப் பற்றித்தான் கேட்பார்?

என் அண்டை வீட்டுக்காரருக்கு வயது 76. விடியுமுன் பால்மரம் வெட்டச் சொன்னது ஏன் என்று வேலை செய்த காலமெல்லாம் அவர் கேட்டதில்லை. வெயிலுக்கு முன் வீடு திரும்பத்தான் என்று எண்ணியிருந்தார். இரவில் மரத்துக்குள் நீர் நிறைந்து அழுத்தம் கூடியிருப்பதால் பால் நன்றாக ஓடும் என்றும், வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் அந்த அழுத்தம் குறைந்துவிடும் என்றும் பேத்தி விளக்கியபோது, அவர் நெடுநேரம் பால் ஏந்தும் மங்குக் கோப்பையையும் கத்தியையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை தே தாரிக் குடிக்க வந்தவர் உட்காரும் முன்பே கேட்டார்: “அப்படியென்றால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், மரத்துக்கு மரம் பால் வேறுபட்டதே, அது எதனால்?” என்னிடம் விடை இல்லை. பேத்தி பள்ளியிலிருந்து வரட்டும் என்று சொல்லி, கேள்வியைத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார்.